பஞ்சருக்காகக் காத்திருந்தேன்

கம்மாபுரம் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். காரின் பின்பக்கம் இடது புறமாக ஒரு தினுசாக இழுத்தது. அப்புறம் தட் தட் தட் என்று சத்தம். பக்கத்து சீட்டில் இருந்த பிலோமினா, மடியில் வைத்திருந்த பீங்கான் குதிரையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என்னாக்கா சத்தம் அது?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

"பஞ்சருடி பிலோ! பஞ்சரு!" என்று கத்தினேன். லாட்டரி விழுந்தவள்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள்.

போன வாரம், நாற்பத்தாறு வயதில் நான் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "லைசென்ஸ் சரி, நடுரோட்டில் டயர் போனால் என்ன செய்வீர்கள்? புருஷனுக்கு போன் போடுவீர்களா?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கேட்டாரே ஒரு கேள்வி! அம்மா, அந்தப் பஞ்சருக்காக நான் இரண்டு மாதம் காத்துக் கிடந்தவள். காரை எடுக்கும்போதெல்லாம், இன்றைக்காவது ஒரு ஆணி குத்தாதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனவள்.

பட்டறை வாசலில் பரீட்சை

இந்த ஆசைக்குக் காரணம் என் வீட்டுக்காரர் குமார். விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பீங்கான் பட்டறை. அவர் சூளையைப் பார்த்துக்கொள்வார், நான் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்வேன். நான் லைசென்ஸைக் கொண்டுவந்து நீட்டிய அன்றைக்கு, மனுஷன் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி மாத்தத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப சாவி கெடையாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கோபம் வந்தால் நான் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளாமல் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. வாசலில் சிமெண்டுத் தரை. அங்கே காரை நிறுத்தி, நல்ல சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொன்னார். ஒரு தடவை இல்லை, நான்கு ஞாயிறு.

"டயரு போனா பிரேக்க ஓங்கி மிதிக்காத. ஸ்டேரிங்க கெட்டியா புடிச்சி மெல்லமா ஓரங்கட்டு. நாலு பக்கமும் லைட்டு கண்ணடிக்கிற சுவிச்சப் போடு. வண்டிக்குள்ள யாரும் ஒக்காந்திருக்கக் கூடாது."

"சரி."

"பின் சக்கரம்னா, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைக்கணும். ஏன் சொல்லு?"

"ஹேண்ட் பிரேக்தான் போட்டிருக்கோமே?"

"அது பின் சக்கரத்தத்தான் புடிக்கும். அதுல ஒண்ண நீ தூக்கிட்டியே, அப்பறம் முழுசா எப்படிப் புடிக்கும்?"

அப்போதுதான் புரிந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும், தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டியே ஆடும் என்பதும் புரிந்தது. ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, வண்டிக்கு அடியில் அதற்கென்று வெட்டு இருக்கிறது. மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னார். "ஜாக்கிய நம்பாத. ஸ்டெப்னியப் படுக்கவச்சி வண்டிக்கு அடியில தள்ளிடு. கையக்கூட உள்ள வுடாத."

நான்காவது ஞாயிறு, பதினொரு நிமிஷத்தில் முடித்தேன். மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்து என் கையில் போட்டார். அந்தப் பதினொரு நிமிஷம் என் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த முறை பத்து என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பிலோவின் பெயர்

அன்றைக்கு நாங்கள் போனது சிதம்பரத்தில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சிக்கு. காலை பதினொரு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு ஸ்டால் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்டால் பிலோமினா பெயரில். பிலோ எங்கள் பட்டறையில் பதினெட்டு வருஷமாகச் சாயம் தீட்டுகிறாள். குதிரைக்குக் கண் வைத்தால் அது நம்மையே பார்க்கும். ஆனால் அவள் தீட்டியதெல்லாம் வெளியூர்க் கடைகளுக்குப் போகும், அங்கே அவரவர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வார்கள். ஒருமுறை அவள் ஒரு கல்யாண வீட்டில் தன் மயிலைப் பார்த்திருக்கிறாள். அடியில் யாருடைய பெயரோ இருந்ததாம். வந்து இரண்டு நாள் மயிலையே தொடவில்லை, குதிரை மட்டும் தீட்டினாள்.

அதனால் இந்தக் கண்காட்சிக்கென்று தனியாக எண்பது உருப்படி செய்தோம். ஒவ்வொன்றின் அடியிலும் அவளே தன் கையால் 'பிலோமினா' என்று எழுதி, சூளையில் வைத்துச் சுட்டோம். சுட்ட எழுத்து அழியாது. முதல் குதிரை வெளியே வந்ததும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "என் பேருலதாங்க்கா மொத மொத பொருளு வருது" என்றாள். அந்தக் குதிரைதான் அவள் மடியில் இருந்தது. அட்டைப்பெட்டிக்குள் வைக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

ஸ்டால் அவளுக்குக் கிடைக்க வேண்டும். இப்போது மணி ஒன்பதரை. டயர் காலி.

ரோட்டோரம் ஒரு கடை

பாடம் தப்பாமல் எல்லாம் செய்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை. மெல்ல ஓரங்கட்டினேன். கண்ணடிக்கும் விளக்கைப் போட்டேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், முதல் கியரில் விட்டேன். பிலோவை இறக்கி ரோட்டிலிருந்து தள்ளி ஒரு வேலிக்காத்தான் மரத்துப் பக்கம் நிற்க வைத்தேன். நல்லவேளை, போனது இடது பின்சக்கரம். மின்நிலையச் சாம்பல் ஏற்றிய லாரிகள் அனல் காற்றோடு உரசிக்கொண்டு போகிற பக்கம் நான் முதுகைக் காட்டி உட்கார வேண்டியதில்லை.

சிக்கல் டிக்கியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஸ்டெப்னி டிக்கியின் அடித்தட்டில். அதற்கு மேலே எண்பது உருப்படியும் வைக்கோலோடு அட்டைப்பெட்டிகளில். இவ்வளவு பாடம் நடத்திய குமாரும், இவ்வளவு படித்த நானும், இதை யோசிக்கவே இல்லை.

வேறு வழி? எல்லாப் பெட்டியையும் இறக்கி வரிசையாக ரோட்டோரம் வைத்தோம். ஒரு பெட்டியின் அடி பிய்ந்து, நாலைந்து மயில்கள் வைக்கோலுக்கு வெளியே தலை நீட்டின. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா நிதானமாக நடந்து வந்து, குனிந்து ஒரு மயிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா வெல சொல்றீங்க?"

"கட இல்லீங்கம்மா, டயரு மாத்தறோம்," என்றேன்.

"அதான் பாத்தாலே தெரியுதே. மயிலு எவ்ளோன்னுதான் கேக்கறேன்."

பிலோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவ்வளவு பதற்றத்திலும் அவள் முகம் மலர்ந்திருந்தது.

எச்சரிக்கைக்கு வைக்கிற சிவப்பு முக்கோணம் மட்டும், டிக்கியைக் காலி செய்தும் கண்ணில் படவில்லை. அதனால் நம் ஊர் வழக்கப்படி, பிலோ ஒரு வேலிக்காத்தான் கிளையை ஒடித்து வந்தாள். காருக்கு நாற்பதடி பின்னால், ரோட்டோரமாக ஏழு கருங்கல்லைப் பொறுக்கி வைத்து நடுவில் கிளையைச் செருகினோம். முன்சக்கரங்களுக்கும் கல் வைத்தாயிற்று. ஸ்பேனரை மாட்டி முறுக்கினேன். நட்டு அசையவில்லை. போன வாரம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் காற்று மிஷினால் இறுக்கியது, என் கைக்கா அசையும்? காரைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றேன். கிரீச் என்று ஒரு சத்தம், அரைச் சுற்று! மற்ற நட்டுகளும் அப்படியே. சுடிதார் போட்டுக்கொண்டு வந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தலையில் துண்டு.

"நவுருங்கம்மா, நான் போட்டுக் குடுக்கறேன்."

"வேணாங்கண்ணே, எனக்கே தெரியும்."

"பொம்பளைங்களால ஆவாதும்மா."

இந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். "ஆவும்ங்கண்ணே. நீங்க நின்னு பாருங்க," என்றேன். அவர் டிராக்டரை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, நிஜமாகவே நின்று பார்க்க ஆரம்பித்தார். நான் செல்போனை எடுத்து, நிமிஷம் காட்டுவதைத் தட்டிவிட்டேன்.

தட்டிப் பார்க்காத கல்

இங்கே எங்கள் தொழில் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சூளையிலிருந்து இறக்கிய பொருள் எதையும் நாங்கள் தட்டிப் பார்க்காமல் பெட்டியில் வைக்க மாட்டோம். விரலை மடக்கி ஒரு தட்டு. நல்ல பொருள் டிங் என்று பாடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் டொப் என்று முனகும். முனகினால் ஒதுக்கிவிடுவோம். பிலோவுக்கு இதில் பாம்புச் செவி. அடுத்த அறையில் யாரோ தட்டினால்கூட இங்கிருந்தபடியே "அது வேணாம்" என்பாள்.

சூளைக்குள் பொருள்களை மாடி மாடியாக அடுக்க, தடித்த பலகைக்கல் வைப்போம். ஸ்லாப் என்போம். அதிலும் அதே விதிதான். முனகுகிற ஸ்லாப் சூளைக்குள் போகாது, சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்த இரண்டைத்தான், ஸ்டாலில் பொம்மைகளைப் படிப்படியாக வைக்கலாம் என்று காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தோம்.

கார் நின்ற இடத்தில் மண் ஈரம். முந்தின நாள் மழை. ஜாக்கியை வைத்துச் சுற்றினால், கார் ஏறுவதற்குப் பதிலாக ஜாக்கி இறங்கியது. அடியில் கெட்டியாக எதையாவது கொடுக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். பெட்டிகளோடு இறக்கி வைத்திருந்த ஸ்லாப் மேல் கண் விழுந்தது.

எப்பேர்ப்பட்ட யோசனை என்று எனக்கே தோன்றியது. ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் எத்தனை பாரத்தைச் சுமக்கிற கல், ஒரு காரைச் சுமக்காதா? பீங்கான்காரியைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? ஒரு ஸ்லாபை எடுத்து மண்ணில் போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்தேன். டிராக்டர்காரரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். அது ஏன் சுவரோரம் கிடந்தது என்பது மட்டும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு தட்டு தட்டவும் இல்லை. செல்போனில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டெப்னியைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளினேன். அதை மறக்காமல் செய்தேன், கடவுளுக்கு நன்றி. ஜாக்கியைச் சுற்றினேன். கார் அழகாக எழும்பியது. நட்டுகளைக் கழற்றினேன். பஞ்சரான சக்கரத்தை உருவிக் கீழே சாய்த்தேன். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் என் கால் பட்டு, ஒரு நட்டு உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது.

"பிலோ, அந்த நட்ட எடுடி, சீக்கிரம்!"

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. 'கையக்கூட உள்ள வுடாத' என்பதை நான்கு ஞாயிறு கேட்ட நான்தான் சொன்னேன்.

பிலோ குதிரையைப் புல் மேல் வைத்துவிட்டு மண்டி போட்டாள். வலது கையை உள்ளே நீட்டினாள். பதினெட்டு வருஷமாகத் தூரிகை பிடித்த கை. முழங்கை வரை போய்விட்டது.

சட்டென்று அவள் அசைவு நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"அக்கா, கல்லு பேசுது."

சொல்லிக்கொண்டே கையை உருவினாள். உருவி முடித்து ஒரு மூச்சு விட்டிருப்பாள், அவ்வளவுதான். படார் என்று ஸ்லாப் இரண்டாகப் பிளந்தது. ஜாக்கி சாய்ந்தது. கார் திம்மென்று இறங்கி, ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தது.

அதற்கு முன்னால் எனக்கும் டிராக்டர்காரருக்கும் எதுவுமே கேட்கவில்லை. லாரி இரைச்சலுக்கு நடுவே அந்த முதல் கீறல் சத்தம் அவள் ஒருத்தி காதில் மட்டும் விழுந்திருக்கிறது. அவள் கை இருந்த இடத்தில் ஜாக்கியின் இரும்பு மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

பலகை

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிலோவின் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் ஆவலக்கா, வுடுங்கக்கா" என்கிறாள், நான் விடவில்லை. அழுகையாக வந்தது. என் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

டிராக்டர்காரர் பக்கத்தில் வந்தார். 'அப்பவே சொன்னேனே' என்பார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. ஸ்டெப்னியை உற்றுப் பார்த்தார்.

"இத அடியில வைக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எங்க வூட்டுக்காருங்கண்ணே."

"முப்பது வருசமா டிராக்டரு ஓட்டறேன். நான் இப்படி வச்சதில்ல." போய் டிராக்டரிலிருந்து ஒரு தடித்த மரப்பலகையைத் தூக்கி வந்து போட்டார். "இது மேல வைங்க. நீங்களே போடுங்கம்மா. நான் நிக்கறேன்."

பிலோ அந்தப் பலகையையும் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். இந்த முறை நிதானமாகச் செய்தேன். கார் ஸ்டெப்னி மேல் உட்கார்ந்திருந்ததால் ஜாக்கி நுழைய இடம் இருந்தது. தூக்கினேன். பஞ்சரான சக்கரத்தைக் காலால் அடியில் தள்ளிவிட்டு, அதன் பிறகே ஸ்டெப்னியை இழுத்தேன். அந்த நட்டை ஒரு குச்சியால் நெம்பி எடுத்தேன். நட்டுகளைக் கையால் திருகி, காரை இறக்கி, எதிரும் புதிருமாக முறுக்கினேன். முறுக்கிய பிறகும் ஒரு சுற்று சரி பார்த்தேன். வண்டியின் ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல், அவ்வளவுதான் சேதம்.

எல்லாப் பெட்டியையும் ஏற்றி முடித்தபோது பத்து மணி இருபது நிமிஷம். டிராக்டர்காரர் பலகையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கம்மா, பொம்மையெல்லாம் நல்லா வித்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மயில் விலை கேட்ட அந்த அம்மாவும் எப்போதோ பஸ் ஏறிப் போயிருந்தார். மயிலைப் பத்திரமாகப் பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏழு கல்

காரைக் கிளப்பி ரொம்ப தூரம் வந்துவிட்டோம். மணியைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறேன். பிலோ திடீரென்று, "அக்கா, அந்தக் கல்லு?" என்றாள்.

முன்சக்கரக் கல்லை எடுத்து எறிந்திருந்தேன். பின்னால் ரோட்டில் வைத்த ஏழு கல்லும் கிளையும் அங்கேயே இருந்தன.

என் தம்பிக்கு முன்பல் இரண்டு செயற்கைப் பல். பல வருஷத்துக்கு முன்னால், யாரோ பஞ்சர் பார்த்துவிட்டு ரோட்டிலேயே விட்டுப்போன கல்லில் அவன் பைக் ஏறிக் கவிழ்ந்தது. கிளை காற்றில் பறந்து போயிருக்கும், கல் மட்டும் இருந்திருக்கிறது. அந்த முகம் தெரியாத ஆளை என் அம்மா ஒரு மாதம் தினமும் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

"ஸ்டால் போயிடும்டி பிலோ," என்றேன்.

"பதினெட்டு வருசம் இருந்தாச்சு. ஒரு கல்லுல யாராவுது வுழுந்தா, என் பேரு போட்ட பொருள நான் எப்பிடிக்கா விப்பேன்? திருப்புங்க."

திருப்பினேன். நான் காரை ஓரமாக நிறுத்த, அவள் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிப்பக்கம் போட்டாள். ஏழு போட்டாளா என்று நான் சரி பார்த்தேன். அதற்குப் பிறகு சிதம்பரம் வரை நாங்கள் இருவரும் மணியே பார்க்கவில்லை.

சாவி

கண்காட்சித் திடலில் நுழைந்தபோது பதினொன்றே கால். பிலோ குதிரையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நான் கிரீஸ் கையோடு பின்னால் ஓடினேன்.

ஸ்டால் வரிசைகளின் எல்லாக் கதவிலும் பூட்டுத் தொங்கியது. வேப்பமர நிழலில் முப்பது பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவி கொடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லையாம்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பதினொரு மணிக்காகவா நான் அப்படிப் பறந்தேன்? அவர் வந்தபோது மணி பன்னிரண்டே கால். சாவகாசமாக நோட்டைப் பிரித்து, பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

"பிலோமினா!"

அவள் குதிரையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். பேனாவை வாங்கி, நோட்டின் மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். வலது கை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு, முழங்கையில் காய்ந்த மண்.

நான் குதிரையைப் பிடித்தபடி அவள் விரல்களை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன்.

சாவியோடு திரும்பியவள், "என்னாக்கா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி," என்றேன். "போய்க் கடையத் தொற."